அந்தப் பாத்திரம் நீங்கவில்லையே!

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் சகோதர சகோதரிகளே, சபையோரே, எல்லோருக்கும் என் அன்பின் ஸ்தோத்திரம்.

ஜெபத்தின் உச்சம் விடாமல் கேட்பதா, தேவ சித்தத்துக்கு ஒப்புக்கொடுப்பதா? எனக்கு முன்னால் பேசிய சகோதரி, கேட்பதுதான் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்" என்ற வசனத்தை எடுத்தார். ஆசீர்வாதம் கேட்டு விடியும் வரை தேவனோடு போராடிய யாக்கோபைக் கொண்டுவந்தார். அநீதியுள்ள நியாயாதிபதியை விடாமல் தொந்தரவு செய்த விதவையையும் கொண்டுவந்தார். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார்: "உம் சித்தப்படி ஆகட்டும் என்பது, பதில் வராதோ என்று பயந்தவன் முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்ளும் பின்வாசல். அது விசுவாசக் குறைவு."

சகோதரி, நீங்கள் சொன்ன வசனம் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. அவையும் என் வேதத்தில் உள்ளவைதான். ஆனால் அந்த "விசுவாசக் குறைவு" என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஜெபத்தைச் செய்தவர் யார் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

கெத்செமனே. சிலுவைக்கு முந்தின இரவு இயேசு ஜெபித்த இடம். எண்ணெய்ச் செக்கு என்று அந்தப் பெயருக்குப் பொருள். அங்கே நம் ஆண்டவர் முகங்குப்புற விழுந்து கிடக்கிறார். "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்கிறார். தமக்கு முன்னால் இருந்த சிலுவைப் பாட்டைத்தான் பாத்திரம் என்றார். மாற்கு தன் சுவிசேஷத்தைக் கிரேக்கத்தில் எழுதினார். ஆனாலும் "அப்பா" என்ற அரமேயச் சொல்லை மாற்றாமல் அப்படியே விட்டுவைத்தார். நம் வீட்டில் நாம் கூப்பிடுகிற அதே ஒலி! பல மொழிக்காரருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். தமிழனுக்கு அது நேராக நெஞ்சுக்குள் போய்விடுகிறது. "எல்லாம் உம்மாலே கூடும்" என்ற பிறகுதான், நடுவர் அவர்களே, "என் சித்தத்தின்படியல்ல" என்பது வருகிறது. தேவனால் முடியாதோ என்ற சந்தேகத்தில் சொன்ன வார்த்தையா அது? முடியும் என்று தெரிந்தே சொன்னது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மத்தேயு 26-ஆம் அதிகாரத்தில் அந்த ஜெபத்தின் வார்த்தைகள் இருமுறை வருகின்றன. முதல் தடவை, "நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்." இரண்டாம் தடவை, "நான் பானம்பண்ணினாலொழிய இது என்னைவிட்டு நீங்கக்கூடாதாகில், உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது." இரண்டும் ஒன்றல்ல. முதலில் பாத்திரம் போகட்டும் என்ற விண்ணப்பம் முன்னால் நிற்கிறது. அடுத்ததில், குடிக்கத்தான் வேண்டுமென்றால் குடிக்கிறேன் என்று ஜெபமே நகர்ந்திருக்கிறது. நடுவில் என்ன நடந்தது? வானத்திலிருந்து ஒரு குரலும் வந்ததாக அங்கே எழுதியில்லை. தூங்கிக் கிடந்த சீஷர்களைப் பார்த்து, "நீங்கள் ஒரு மணி நேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு மறுபடி போனார், அவ்வளவுதான். கேட்டுக் கேட்டுத்தான் ஒப்புக்கொடுக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். அதனால் கேட்பதற்கு எதிராக நான் பேசவில்லை. கேட்பது வழி. போய்ச் சேருகிற இடம் எது என்பதுதான் என் வழக்கு.

சரி, அந்த ஜெபம் கேட்கப்பட்டதா? பாத்திரம் நீங்கவில்லையே! ஆனால் எபிரெயர் 5:7 என்ன சொல்கிறது? பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம்பண்ணி, பயபக்தியினிமித்தம் "கேட்கப்பட்டு" என்று சொல்கிறது. நான் பல வருஷம் இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறேன். கேட்கப்பட்டது, ஆனால் சிலுவை வந்தது. அப்படியானால் ஜெபம் கேட்கப்படுவது வேறு, கேட்டது கைக்கு வருவது வேறு. எதிரணி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. தன்னை வாட்டிய வேதனையை முள் என்று சொல்லி, அதை எடுக்கும்படி மூன்று முறை வேண்டிய பவுலும் கேட்கப்படாதவர் அல்ல. முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது.

அடுத்தது, "ஒப்புக்கொடுப்பது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது" என்று எதிரணித் தலைவர் சொன்னார். ஐயா, ஜெபம் முடிந்ததும் ஆண்டவர் சொன்ன வார்த்தை என்ன? "எழுந்திருங்கள், போவோம்." காட்டிக்கொடுக்கிறவன் வருகிறான் என்று தெரிந்து, அவன் வரும் திசை நோக்கி நடந்தார். அங்கே ஜெபிக்காமல் தூங்கின பேதுரு பட்டயத்தை உருவினார், ஒருவன் காதை வெட்டினார். யோவான் சுவிசேஷத்தில் அப்போது அவரிடம் இயேசு சொன்னதைக் கேளுங்கள்: "பிதா எனக்குக் கொடுத்த பாத்திரத்தில் நான் பானம்பண்ணாதிருப்பேனோ?" எடுத்துப்போடும் என்று அழுதாரே, அதே பாத்திரம்தான். இப்போது அது அப்பா கொடுத்தது. பாத்திரம் மாறவில்லை, அதைக் கையில் வாங்கிய விதம் மாறிவிட்டது. இதைவிட ஜெபத்துக்கு ஒரு உச்சத்தை எதிரணி காட்டட்டும்.

கடைசியாக என் வீட்டுக் கதை ஒன்று. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் சாயங்காலம் கட்டிலருகே உட்கார்ந்து, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் சொல்லுவோம். "உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக" என்ற வரி வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். வாய் மூடிக்கொள்ளும். அம்மா மட்டும் அந்த வரியைத் தனியாகச் சொல்லிவிட்டு, நான் சேர்ந்துகொள்ள அடுத்த வரிக்குக் காத்திருப்பார்கள். ஏன் சொல்லவில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நானோ வெளியே வராந்தாவில் போய், எதிரணி சொன்ன அத்தனை வசனங்களையும் வைத்து ஆண்டவரிடம் வழக்காடிக்கொண்டிருப்பேன். பதினோராம் நாள் அம்மாவுக்குக் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அந்த வரி வந்தபோது சொல்ல ஆளில்லை. நான் சொன்னேன், சத்தமாக. அம்மா என் கையை அழுத்தினார்கள்.

இரண்டு நாள் கழித்து அவர்கள் போய்விட்டார்கள். அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்குப் பதினோரு நாள் ஆனது, நடுவர் அவர்களே. அதைப் பின்வாசல் என்று மட்டும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.