நாள் பூரா நடக்கிற அக்காவுக்கு எதற்கு நடைச் சவால்?

[காட்சி: கானாடுகாத்தான் தெரு. தோளில் பையோடு ஒரு அக்கா.]

வணக்கம். செட்டிநாட்டு வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டி, அடுப்படிப் பக்கம் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆச்சிக்குப் பிரஷர் பார்த்து, விரலில் குத்தி சுகர் பார்த்து, "நேத்து மாத்திரை போட்டீங்களா ஆச்சி?" என்று கேட்டுவிட்டு வருகிறவர் இந்த அக்கா. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் சுகாதாரத் தன்னார்வலர்.

இவரிடம் போய் "தினமும் நடங்க" என்றால், "பொழுதன்னைக்கும் அதானே செய்றேன்" என்பார். நியாயம்தான். ஆனால் அது வேலை நடை. தோளில் பை, உச்சி வெயில், பத்தடிக்கு ஒரு வீட்டில் நிற்பது, மனசில் அடுத்த வீட்டுக் கணக்கு. நாம் கேட்பது பையை வீட்டில் வைத்துவிட்டு, கூட வேலை பார்க்கிறவர்களோடு பேசிக்கொண்டே நடக்கிற அரை மணி நேரம்.

சரி, எப்படி? பத்துப் பேர் சேருங்கள். வாரம் 5 நாள், தினம் 30 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவான 150 நிமிடம் அதிலேயே வந்துவிடும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். பத்தாயிரம் அடி என்று பயப்பட வேண்டாம். அது 1965-இல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது, டாக்டர் எழுதிக் கொடுத்த அளவு இல்லை.

யார் முதலிடம் என்று பார்க்கவே பார்க்காதீர்கள், முழங்கால் வலிக்காரர் இரண்டாம் நாளே நின்றுவிடுவார். மொத்தமாகக் கூட்டுங்கள். ஆளுக்குத் தினம் 2 கிலோமீட்டர் என்றாலும் பத்துப் பேருக்கு வாரம் 100 கிலோமீட்டர் ஆகிறது. தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கிற ஊர் நம்முடையது. இந்தக் கணக்கில் இரண்டு வாரத்துக்குள் குழு பழனியைத் தொட்டுவிடும். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்றவர்கள் அவர் பங்கையும் நடக்கலாம்.

மேலதிகாரிகளுக்கு ஒன்று: இந்தக் கணக்கை வேலைக் கணக்கோடு சேர்க்காதீர்கள், சேர்த்தால் இதுவும் இன்னொரு ரிஜிஸ்டர் ஆகிவிடும்.

[காட்சி: விடிகாலை, ஊருணிப் படிக்கட்டு.]

முதல் நாள் நடப்பதற்கு முன் பத்துப் பேரும் இப்படி உட்கார்ந்து ஒருவருக்கு ஒருவர் பிரஷர் பாருங்கள். ஊருக்கே பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தன் அளவு தெரியும்? கூடுதலாக இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள், குழு காத்திருக்கும்.