ஒட்டின உறைக்கு மீள்பரிசீலனை இல்லை

நடுவர் அவர்களே, மண்டபத்துக்குள் இடமில்லாமல் வேப்ப மரத்தடியில் கதிரை போட்டிருக்கும் கிளிநொச்சிச் சனங்களே, வணக்கம். "வைத்தியராக வரப்போகிறவரைத் தெரிவுசெய்யப் பரீட்சைப் புள்ளி போதுமா, சிபாரிசுக் கடிதமும் வேண்டுமா?" என்பது தலைப்பு. புள்ளி போதும் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவி, எங்கள் ரீச்சர், கடிதம் கேட்கும் நாடென்று அமெரிக்காவைக் காட்டினார். உண்மைதான். அங்கே பிள்ளை முதலில் ஒரு பட்டப்படிப்பு முடித்துவிட்டுத்தான் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும். விஞ்ஞானப் பேராசிரியர் இரண்டு பேர், வேறு பாடத்துக்கு ஒருவர் என்று கடிதம் கேட்பது வழக்கம். பொது விண்ணப்பத்தில் 10 கடிதம் வரை சேர்க்கலாம். ரீச்சர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் உரிமையை அந்தப் பிள்ளை பெரும்பாலும் விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைத்துவிடும்!

கடிதம் எங்களுக்குப் புதிதா? காணிக்குக் கடிதம், வீட்டுத்திட்டத்துக்குக் கடிதம். நான் சின்னப் பொடியனாய் இருந்தபோது ஒரு கடிதத்துக்காக அம்மா மூன்று நாள் நடந்தவ. மூன்றாம் நாள் ஒரு போத்தல் தேனும் கொண்டு போனா. கடிதம் வந்தது. "இவரை எனக்கு நன்கு தெரியும்" என்று எழுதியிருந்தது. முதல் இரண்டு நாளும் அதை எழுதினவருக்கு அம்மாவைத் தெரியவில்லை, நடுவர் அவர்களே. தேனைத்தான் தெரிந்திருக்கிறது.

"புள்ளிக்கு இரக்கம் தெரியுமோ?" என்று ரீச்சர் கேட்டார். தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். எரிந்து விழும் வைத்தியரிடம் நானும் ஏச்சு வாங்கியிருக்கிறேன். ஆனால் எந்த ஆசிரியர் தன் மாணவனைக் கல்நெஞ்சன் என்று எழுதிக் கொடுப்பார்? நல்ல மனிதர் எழுதினாலும் பேனை ஒரு பக்கம் சாயும். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர் பதவிகளுக்கு வந்த 300க்கு மேற்பட்ட சிபாரிசுக் கடிதங்களை ஆராய்ந்து 2003இல் ஒரு கட்டுரை வந்தது. பெண்களுக்கு எழுதியவை சராசரியில் நீளம் குறைவு. சந்தேகத்தைக் கிளப்பும் வரிகள் கூட. இரக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மருத்துவ பீடத்தில் 5 வருடம் இருக்கிறது. நோயாளியின் கட்டிலடியில் வைத்துப் பாருங்கள்.

"வன்னிப் பிள்ளை மட்டும் கோட்டாவில் போகலாமோ?" என்றும் ஒரு குத்து விழுந்தது. போகலாம். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் அச்சடித்திருக்கிறது, யாரும் வாசிக்கலாம், பிழையென்றால் வழக்கும் போடலாம். எண்ணும் அநியாயம் செய்யும், அதை எங்களை விட அறிந்தவர் யார்? 1971இல் மருத்துவத்துக்குப் போகத் தமிழ் மொழியில் எழுதியவருக்குக் குறைந்தது 250 புள்ளி வேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதும். அந்த எண் வெளியே தெரிந்தபடியால்தான் 50 வருடம் கழிந்தும் இந்த மேடையில் அதைச் சொல்லிச் சண்டை பிடிக்கிறேன். அதே வேலையைக் கடிதத்தால் செய்திருந்தால்? "ஆர்வம் போதாது" என்று ஒரு வரி, அவ்வளவுதான். விடைத்தாளுக்கு மீள்பரிசீலனை கேட்கலாம். ஒட்டின உறைக்கு?

எழுதுவதற்கும் ஆள் வேண்டுமே. எங்கள் பள்ளிக்கூடங்களில் உயிரியல் படிப்பிக்கிறவர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். பிள்ளையின் முகம் பிடிபடும் நேரம் இடமாற்றம் வந்துவிடும். இது சமாதான காலத்துக் கதை.

2009 ஓகஸ்டில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களில் இருந்துகொண்டு உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் இருக்கிறார்கள். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்கள். படிப்பித்தவர்கள் ஆளுக்கொரு திக்கில். சிலர் உயிரோடு இல்லை. பரீட்சைச் சுட்டெண்ணும் பேனையும்தான் கையில் இருந்தன. அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கச்சியிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கூடாரத்துப் பிள்ளைக்கு யார் கடிதம் எழுதியிருப்பார்? ஆளைச் சொல்லிவிட்டு மிச்சத்தைப் பேசட்டும்.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. போய் இருக்கிறேன்.