பாதரசக் கிண்ணமும் பத்து டன் பளிங்கும்: கிராக்சைடு மாளிகை

அவையோருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தில், ராத்பரி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பாறைச் சரிவில் ஒரு வீடு நிற்கிறது. பெயர் கிராக்சைடு. அந்நாட்டுப் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் முதல் தரத்தில் இருக்கிறது. உலகிலேயே நீர்மின்சாரத்தால் விளக்கெரிந்த முதல் வீடு என்று சொல்லிப் பார்வையாளர்களை அழைக்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரியோடு விட்டுவிட்டால், வீட்டுக்காரரைப் பாதிதான் தெரிந்துகொண்டவர்கள் ஆவோம்.

வீட்டுக்காரர் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங். 1810இல் நியூகாசிலில் பிறந்தவர். படித்ததும் முதலில் பார்த்ததும் வக்கீல் தொழில். மனம் கிடந்தது தண்ணீரில். ஓடுகிற தண்ணீரின் ஆற்றல் பெரும்பகுதி வீணாகப் போகிறதே என்ற ஆதங்கத்தில் நீரழுத்தத்தால் இயங்கும் பாரந்தூக்கியை உருவாக்கினார். 1847இல் நியூகாசிலில் எல்ஸ்விக் தொழிற்சாலை எழுந்தது. கிரிமியப் போரின்போது பீரங்கி செய்யும் எண்ணம் வந்தது. ஆர்ம்ஸ்ட்ராங் பீரங்கியின் காப்புரிமையை அரசுக்கே கொடுத்தார். 1859இல் சர் பட்டம் கிடைத்தது. அதன்பின் அவருடைய நிறுவனம் கேட்டவர்களுக்கெல்லாம் ஆயுதம் விற்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்புமே அவருடைய வாடிக்கையாளர்கள்.

1863ஐக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். அந்த ஆண்டுதான் ராத்பரியில் நிலம் வாங்கினார். அதே ஆண்டு, பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் தலைவராக நியூகாசில் மாநாட்டில் பேசியபோது, இந்த வேகத்தில் தோண்டினால் பிரிட்டனின் நிலக்கரி இரண்டு நூற்றாண்டு சுமாருக்குத்தான் வரும் என்று எச்சரித்தார். நிலக்கரியால் வாழ்ந்த ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்ல நெஞ்சழுத்தம் வேண்டும்!

முதலில் கட்டியது விடுமுறைக்குத் தங்க ஒரு சின்னக் கல்வீடு. 1869இல் ரிச்சர்ட் நார்மன் ஷா என்ற கட்டடக்கலைஞர் வந்தார். விருந்தினர்கள் வேட்டைக்குப் போன ஒரு பகற்பொழுதில், வரப்போகும் மாளிகை முழுவதையும் அவர் வரைந்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. வரைந்தது ஒரு பகல் என்றாலும், கட்டி முடிக்கப் பதினைந்து ஆண்டு பிடித்தது. ஒரு கோபுரம், ஒரு படக்கூடம், ஒரு வரவேற்பறை என்று கையில் பணமும் மனத்தில் ஆசையும் சேரும்போதெல்லாம் வீடு நீண்டது. அதனால்தான் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் வேறு வீடு போலத் தெரிகிறது.

வெளியே உயர்ந்த புகைபோக்கிகள், செங்குத்தான கூரைகள், மரச்சட்டம் தெரியும்படி சாந்து பூசிய முகப்புகள். டியூடர் மன்னர்கள் காலத்துப் பழைய இங்கிலாந்து என்ற தோற்றம். ஆனால் நார்தம்பர்லாந்து கல்வீடுகளின் நாடு. இந்த மரச்சட்ட முகப்பு தெற்கத்திச் சரக்கு. ‘இந்த ஊருக்கு ஒட்டவில்லை’ என்று குறை சொல்பவர்கள் உண்டு, குறையில் நியாயமும் உண்டு. எனக்கு அது உறுத்தவில்லை. அந்தப் பாறையும் பைன் மரங்களும் அந்தக் கூரைகளை ஏற்றுக்கொண்டுவிட்டன.

பழமை எல்லாம் வாசல்வரைதான். உள்ளே லிஃப்ட் இருந்தது. மேல்மாடிக் கணப்புகளுக்கு நிலக்கரி சுமக்கும் வேலை அதனால் மிச்சம். சமையலறையில் இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்றியதும் நீரழுத்தம்தான். துருக்கியக் குளியலறையும் உண்டு.

இப்போது நூலகத்துக்கு வாருங்கள். 1878இல் படக்கூடத்தில் ஒரு வில்விளக்கு, அதாவது இரண்டு கரித்துண்டுகளுக்கு நடுவே மின்பொறி பாய்ந்து ஒளிரும் விளக்கு, வைத்துப் பார்த்திருந்தார்கள். வீட்டுக்குள் வைக்க அந்த வெளிச்சம் மிகக் கடுமை. 1880இல் நியூகாசில் நண்பர் ஜோசப் ஸ்வான் கண்டுபிடித்த கண்ணாடிக் குமிழ் விளக்குகள் வந்தன. ஏறக்குறைய 1,400 மீட்டர் தள்ளி, ஓடையை மறித்த டெப்டன் ஏரியின் நீர் 29 அடி இறங்கி ஒரு டர்பைனைச் சுழற்றியது; கிடைத்த ஆற்றல் ஆறு குதிரைத்திறன். அதை வைத்துத்தான் இத்தனையும்.

நூலகத்தில் எட்டு விளக்குகள். அவற்றில் நான்கு, முன்பு மண்ணெண்ணெய் விளக்கு தாங்கிய எனாமல் பூசிய செம்பு ஜாடிகளின் மேல் இருந்தன. ஜாடி உட்காரும் உலோகப் பீடத்தின் நடுவே ஒரு சின்னக் கிண்ணம், அதில் பாதரசம். ஜாடியின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிமுனை பாதரசத்தில் தோய்ந்தால் மின்சாரம் விளக்குக்கு ஏறும். திரும்புகிற மின்சாரம் ஜாடியின் செம்பு உடம்பு வழியாகவே பீடத்துக்கு இறங்கும். ஜாடியைத் தூக்கினால் விளக்கு அணையும், வைத்தால் எரியும். சுவிட்சே கிடையாது. நம்மூர் மின்வாரிய ஆய்வாளர் யாராவது பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார். அந்த ஜாடிகளை இன்றும் அங்கே பார்க்கலாம்.

உணவறையின் கணப்பு மாடத்தில் ‘கிழக்கோ மேற்கோ, சொந்த வீடே சுகம்’ என்ற பொருளில் ஒரு பழமொழியைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். எமர்சன் என்ற ஓவியர் வரைந்த படம் ஒன்றில், ஆர்ம்ஸ்ட்ராங் இதே கணப்பருகே நாய்களோடு உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் மாதிரி இருக்கிறார்.

வரவேற்பறைக்குப் போனால் ஆளே மாறிவிடுகிறார். அங்கே கட்டடக்கலைஞர் ஷாவின் உதவியாளர் லெதபி வடிவமைத்த பளிங்குக் கணப்பு முகப்பு பத்து டன் எடை. இளவரசர் எட்வர்டும் மனைவியும் 1884இல் வரப்போகிறார்கள் என்று முடித்த அறை அது. எனக்கு அந்த அறையில் மூச்சு முட்டுகிறது. நூலகத்தின் நிதானம் அங்கே இல்லை. பாரசீக மன்னர் வந்தார், சீன ராஜதந்திரி லி ஹுங்சாங் வந்தார். வந்தவர்களில் பலர் போர்க்கப்பலும் பீரங்கியும் வாங்கக்கூடியவர்கள். மாளிகையின் ஆடம்பரப் பகுதி வியாபாரத்துக்கும் உதவியது என்றே நான் நினைக்கிறேன். பாறைச் சரிவெங்கும் லட்சக்கணக்கில் நட்ட மரங்களுக்கும், பாதரசக் கிண்ணத்துக்கும், இந்தப் பளிங்குக்கும் பணம் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. பசுமை மின்சாரத்தின் முன்னோடி என்று மட்டும் புகழ்கிறவர்களிடமும், ஆயுத வியாபாரி என்று மட்டும் ஒதுக்குகிறவர்களிடமும் எனக்கு உடன்பாடில்லை.

1900 டிசம்பரில் அவர் அங்கேயே இறந்தார். பிள்ளைகள் இல்லை; சொத்து உறவினருக்குப் போனது. 1910இல் சிறந்த ஓவியங்களை விற்றுவிட்டார்கள். 1977இல் மாளிகை, பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது. 2014இல் டம்பிள்டன் ஏரிக்கரையில் தண்ணீர் இறங்கும்போது சுழலும் பெரிய திருகு ஒன்றை, ஆர்க்கிமிடீஸ் திருகு என்பார்கள், பொருத்தி, மறுபடியும் அதே மண்ணின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள்.

லண்டனில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் சிலர் இருப்பீர்கள். நியூகாசில் வரை ரயிலில் போகலாம். போனால் பளிங்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இறக்கத்தில் நடந்து பழைய மின்நிலையத்தையும் பாருங்கள். ஏறி வரும்போது முழங்கால் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். நன்றி, வணக்கம்.