பெயர் தெரியாதவர்கள் விதைத்தது

அன்பானவர்களே, கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று நாம் சொல்வதுண்டு. நல்ல பழமொழிதான். ஆனால் ஆண்டவர் இயேசு தேவனுடைய ராஜ்யத்துக்கு உவமையாகக் கடுகை எடுத்துக் காட்டியபோது காரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. காரம் கடுகுக்குள்ளேயே இருக்கிறது, இடித்தால் வெளியே வந்துவிடும். ஆண்டவர் பேசியதோ விதையைப் பற்றி. விதையைப் பிளந்து பார்த்தால் கிளையும் தெரியாது, இலையும் தெரியாது. அது முதலில் விதைக்கிறவனின் கையை விட்டுப் போக வேண்டும். மண்ணுக்குள் மறைய வேண்டும்.

நாமோ நம்முடைய சின்னச் செயல்களில் காரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். என் ஜெபத்துக்கு வல்லமை இருக்கிறதா? நான் சொன்ன ஆறுதல் வார்த்தை வேலை செய்ததா? இப்படி நாக்கில் வைத்து வைத்துப் பார்க்கிறோம்.

1850ஆம் ஆண்டு ஜனவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தில் கோல்செஸ்டர் என்ற ஊரில் கடும் பனி. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் ஆலயத்துக்குக் கிளம்புகிறான். மனதில் பாவத்தின் பாரம், சமாதானமே இல்லை. போக நினைத்த இடத்துக்குப் பனியில் போக முடியாமல், பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு சிறிய மெதடிஸ்ட் சிற்றாலயத்துக்குள் நுழைகிறான். உள்ளே பத்துப் பதினைந்து பேர்தான். போதகரும் வரவில்லை. கடைசியில் சபையிலிருந்தே ஒரு எளிய மனிதர் எழுந்து பிரசங்க பீடத்துக்குப் போகிறார். படிப்பு அதிகம் இல்லாதவர். பேச வேறு எதுவும் தெரியாததால், எடுத்துக்கொண்ட வசனத்தையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்: "பூமியின் எல்லையெங்குமுள்ளவர்களே, என்னை நோக்கிப் பாருங்கள், அப்பொழுது இரட்சிக்கப்படுவீர்கள்." பத்து நிமிடத்தில் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அப்புறம் அந்தப் பையனைப் பார்த்து, வாலிபனே, இயேசுவை நோக்கிப் பார் என்கிறார்.

பையன் பார்த்தான். அவன்தான் சார்லஸ் ஸ்பர்ஜன். பின்னாளில் லண்டனில் 38 ஆண்டுகள் ஆயிரக்கணக்கானோருக்கு வசனத்தைச் சொன்னவர்.

அன்று பிரசங்கித்தவர் யார்? இன்றுவரை உறுதியாகத் தெரியாது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்தது இதுதான். அவர் அன்று பனியில் வீட்டுக்கு நடந்து போகும்போது என்ன நினைத்திருப்பார்? 'இன்றைக்குச் சரியாகப் பேச வரவில்லையே' என்று வருந்தியிருக்கலாம். ஆனால் பீடம் காலியாக இருந்தபோது அவர் எழுந்து போனார். அவர் செய்தது அவ்வளவுதான்.

மாற்கு 4ஆம் அதிகாரத்தில், கடுகு உவமைக்கு முன்னால் இன்னொரு சிறிய உவமை இருக்கிறது. நாம் அதிகம் பேசாத உவமை. ஒருவன் விதைக்கிறான், இரவில் தூங்குகிறான், பகலில் விழித்திருக்கிறான்; அவனுக்குத் தெரியாதவிதமாய் விதை முளைத்துப் பயிராகிறது. அவன் தூங்குகிறான் என்பதைக் கவனியுங்கள். விதைத்த பிறகு மண்ணைக் கிளறிக் கிளறிப் பார்க்கவில்லை. அந்தத் தூக்கமும் விசுவாசம்தான் என்று நினைக்கிறேன்.

இதைச் சொல்லும்போது உங்களில் சிலர் மனம் வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரே பெயரைச் சொல்லி இருபது வருடமாக ஜெபிக்கிறவர்கள் இருப்பீர்கள். பேசாமல் போய்விட்ட பிள்ளைக்காகக் கதவைத் திறந்தே வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். பலன் எங்கே என்று கேட்பது அவிசுவாசம் ஆகாது. தாவீதும் "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று கேட்டான். அதற்குத் தேதி சொல்ல என்னால் முடியாது. ஒரு சிறுமியை மட்டும் உங்களுக்குக் காட்டுகிறேன்.

இரண்டாம் ராஜாக்கள் 5ஆம் அதிகாரம். சீரியப் படைகள் அவளை இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்து வந்திருந்தன. பிறந்த வீடு போயிற்று. படைத்தலைவன் நாகமானின் வீட்டில் அவன் மனைவிக்கு வேலைக்காரி. எஜமானனுக்குக் குஷ்டரோகம். அவள் மகிழ்ந்திருந்தால்கூட நாம் குறை சொல்ல முடியுமா? அவளோ எஜமானியிடம், என் எஜமான் சமாரியாவிலிருக்கும் தீர்க்கதரிசியிடம் போனால் நலமாயிருக்கும், அவர் இந்த நோயை நீக்கிவிடுவார் என்றாள். ஒரே ஒரு பேச்சு. அதோடு வேதத்தில் அவள் மறைந்துவிடுகிறாள். நாகமான் யோர்தானில் ஏழுதரம் முழுகி எழுந்து, இஸ்ரவேலின் தேவனைத் தவிர வேறே தேவன் இல்லை என்று அறிக்கையிட்டபோது அவள் அங்கே இல்லை. அவள் வீடு திரும்பினாளா என்றும் எழுதப்படவில்லை.

பல நூற்றாண்டுகள் போயின. நாசரேத்தின் ஜெப ஆலயத்தில் இயேசு பேசுகிறார். அந்தச் சிறுமி சொன்ன தீர்க்கதரிசியாகிய எலிசாவின் காலத்தில் இஸ்ரவேலில் அநேகம் குஷ்டரோகிகள் இருந்தார்கள், நாகமானைத் தவிர ஒருவனும் சுத்தமாக்கப்படவில்லை என்கிறார். லூக்கா 4:27. வீட்டுக்குப் போய் மெதுவாகப் படித்துப் பாருங்கள். ஒருவனும் சுத்தமாக்கப்படவில்லை! அப்படியானால் எலிசா ஒரு குஷ்டரோகியைக் குணமாக்கி அந்தச் சிறுமி பார்த்ததே இல்லை. பார்க்காமலேதான் "நீக்கிவிடுவார்" என்று சொன்னாள்.