ஊருக்கு வாய் மட்டுமா இருக்கிறது?

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், அரங்கில் நிறைந்திருக்கும் பெற்றோருக்கும், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் மனம் விட்டுப் பேசத் துணை நிற்பது வீடா, ஊரா என்பது தலைப்பு. ஊரே என்று பேச வந்திருக்கிறேன். ஊர் என்று நான் சொல்வது பள்ளி, மருத்துவமனை, நூலகம், விளையாட்டுக் கழகம், வழிபாட்டுத் தலம், இளைஞர் மன்றம் ஆகிய எல்லாம் கைகோத்து நிற்கும் ஏற்பாட்டை. வீடும் அதற்குள் அடக்கம். வாதங்களை வரிசைப்படுத்திக்கொண்டுதான் மேடையேறினேன். ஆனால் எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார் ஒன்று சொன்னார், அரங்கமே கைதட்டியது. அதற்குப் பதில் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அந்த ஊர் வாயிலா பிள்ளையின் மனதைக் கொண்டுபோய்ப் போடுவது?" என்று கேட்டார்.

அந்தக் கைதட்டலில் நியாயம் இருக்கிறது, நடுவர் அவர்களே. ஒரு பிள்ளை நம்பிச் சொன்ன ரகசியம் மறுநாள் வகுப்பு முழுக்கச் சுற்றி வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படி ஒரு முறை சூடுபட்ட பிள்ளை பிறகு யாரிடமும் வாய் திறப்பதில்லை. ஆனால் அம்மையார் ஊரின் வாயை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். ஊருக்குக் காதும் இருக்கிறது. அதைப் பழக்கவும் முடியும். அதற்கு ஒரு வரலாற்றைச் சொல்கிறேன்.

1935ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் லிங்கன் நகரம். சாட் வாரா என்ற இளம் பாதிரியார் ஓர் அடக்கச் சடங்கை நடத்துகிறார். பெட்டிக்குள் இருப்பது பதினான்கு வயதுச் சிறுமி. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவள். காரணம் என்ன தெரியுமா? அவளுக்கு மாதவிலக்கு தொடங்கியிருந்தது. அதை ஏதோ பால்வினை நோய் என்று நம்பி அஞ்சிவிட்டாள்.

இந்த இடத்தை என்னால் வேகமாகக் கடக்க முடியவில்லை. உலகில் பாதிப் பேர் கடந்து வரும் ஒரு பருவம் அது. "பயப்படாதே, எல்லோருக்கும் வருவதுதான்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அதற்கு மருந்து வேண்டாம், பட்டம் வேண்டாம், பணமும் வேண்டாம். அந்த ஒரு நிமிடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. தாயிடம் கேட்கக் கூசும் கேள்வி ஒன்று ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்கிறது, அம்மையார் அவர்களே. அது தாயின் குறையன்று, அந்த வயதின் இயல்பு. வீட்டின் கதவு ஒன்றுதான் கதவு என்றால், அந்தக் கதவைத் தட்டக் கூசும் பிள்ளை எங்கே போகும்?

கதை அங்கே முடியவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1953இல், அதே பாதிரியார் லண்டனில் உள்ள தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, உயிரை விடும் எண்ணத்தில் இருப்பவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார். அழைத்தார்கள்; நேரிலும் வந்தார்கள். அவர் ஒருவர், வந்தவர்களோ பலர். காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்து உதவச் சாதாரணத் தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்தார்கள். அப்போது அவர் ஒன்றைக் கவனித்தார். வெளியே காத்திருந்தவர்களில் பலர் அந்தத் தன்னார்வலர்களிடமே மனதைக் கொட்டிவிட்டு, உள்ளே வந்து அவரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் திரும்பிப் போனார்கள்.

தேநீர் கொடுக்க வந்தவர்கள், நடுவர் அவர்களே! கோப்பையை நீட்டிவிட்டு அருகில் உட்கார்ந்தவர்கள். குறுக்கே பேசாமல், தீர்ப்புச் சொல்லாமல், கேட்டுக்கொண்டிருந்தவர்கள். அடுத்த ஆண்டே கேட்கும் பணி முழுவதையும் அவர் தன்னார்வலர்களின் கையில் ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பு அப்படித்தான் வளர்ந்தது. பதினான்கு வயதுச் சிறுமிக்குக் கிடைக்காத அந்த ஒரு நிமிடத்தைப் பிறகு எத்தனையோ பேருக்குக் கொடுத்தது யார்? ஊர்தான். அம்மையார் அஞ்சும் அதே ஊர்.

கேட்பதற்கும் ஒரு பயிற்சி உண்டு. அதன் முதல் பாடமே, கேட்டதைக் கேட்ட இடத்தில் வைத்துவிட்டு வா என்பது. அந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு விலக்கு: உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், பிள்ளையிடமே சொல்லிவிட்டு, உதவக்கூடியவரிடம் கொண்டு சேர்க்க வேண்டும். ஆகவேதான் ஆங்காங்கே தனித்தனியாக நல்ல மனிதர்கள் இருந்தால் போதாது, அமைப்புகள் கைகோக்க வேண்டும் என்கிறேன். நூலகர் கவனிக்கிறார் என்றால் அடுத்து யாரிடம் சொல்வது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளி ஆலோசகர் அனுப்பும் பிள்ளையை மருத்துவமனை வாரக்கணக்கில் காக்க வைக்கக் கூடாது.

தற்கொலையைப் பற்றிப் பேசப் பேசத்தான் அந்த எண்ணம் வரும் என்று எதிரணியில் இன்னொருவர் அச்சப்பட்டார். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, 13 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டதால் அந்த எண்ணம் கூடியதாக அவற்றில் ஒன்றுகூடக் காட்டவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் மனநலப் பாதிப்போடு வாழ்கிறார். இந்த அரங்கின் கடைசி வரிசையை ஏழு ஏழாக எண்ணிப் பாருங்கள். நாம் பேசாமல் இருப்பதால் அந்த எண்ணிக்கை குறைந்துவிடுமா?

என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சம்பந்தப்பட்ட மாணவனின் அனுமதியோடு, அவன் பெயரைச் சொல்லாமல் சொல்கிறேன்.

நான் ஆசிரியர். ஒரு மாலை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஆசிரியர் அறையின் வாசலில் ஒரு மாணவன் வந்து நின்றான். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். "ஐயா, வேலையாக இருக்கிறீர்களா?" என்றான். "ஆமாம் தம்பி, நாளைக்கு வா" என்றேன். போய்விட்டான். மறுநாள் அவன் வரவில்லை; நானும் மறந்துவிட்டேன்.

மறக்காதவர் ஒருவர் இருந்தார். அவன் கால்பந்து ஆடும் கழகத்தின் பயிற்சியாளர். பள்ளியும் கழகமும் சுகாதார நிலையமும் சேர்ந்து நடத்திய பயிற்சியில் அவர் கலந்துகொண்டிருந்தார். முன்பெல்லாம் பந்துக்காகச் சண்டை போடும் பையன், இப்போது படிக்கட்டில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகவே நேரத்தைக் கழிக்கிறான் என்பது அவர் கண்ணில் பட்டது. ஒரு நாள் எல்லோரும் போன பிறகு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "தினமும் வருகிறாய், ஆனால் விளையாடுவதில்லை, என்னப்பா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். இருட்டும் வரை இருந்தார். அவன் பேசத் தொடங்கியபோது, கேட்க வேண்டிய அந்தக் கடினமான கேள்வியையும் நேராகவே கேட்டார். "ஆமாம்" என்றான் அவன்.

"இதை நான் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது, முதலில் யாரிடம் சொல்லலாம் என்று நீயே சொல்" என்றார் அவர். பள்ளி ஆலோசகரைச் சொன்னான். அன்றிரவே ஆலோசகர் அவன் வீட்டுக்குப் போனார். மறுநாள் மருத்துவர் பார்த்தார். அவன் தாய் பிறகு என்னிடம் சொன்னதை என்னால் மறக்க முடியாது. "தினமும் கேட்டேன் ஐயா, ஒன்றுமில்லையம்மா என்றே சொன்னான். நான் படும் பாட்டைப் பார்த்து, என்னிடம் சொல்லக் கூடாது என்று வைத்திருந்திருக்கிறான்." அன்புள்ள வீடுதான் அது, அம்மையார் அவர்களே. அந்த அன்பே அவன் வாயைக் கட்டிவிட்டது. ஆலோசகரும் கூடவே உட்கார்ந்த அந்த இரவில்தான் தாயும் மகனும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்களாம்.

சில மாதங்கள் கழித்து, மறுபடியும் ஒரு மாலை. மறுபடியும் விடைத்தாள்கள். அதே வாசலில் அவன் வந்து நின்றான். "ஐயா, வேலையாக இருக்கிறீர்களா?" என்றான்.

பேனாவை மூடி வைத்தேன். எதிரில் இருந்த நாற்காலியில் அடுக்கியிருந்த விடைத்தாள்களை எடுத்துத் தரையில் வைத்தேன். "இல்லை, உட்கார் தம்பி" என்றேன்.

வணக்கம்.