தரையும் பதிலும்

எல்லோருக்கும் வணக்கம்.

பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "என் அண்ணன் பையன் பத்து மாதத்திலேயே நடந்துவிட்டான். எங்கள் பாப்பாவுக்கு ஒரு வயது முடிந்தும் நடக்கவில்லையே?" அந்தக் கவலையை முதலில் இறக்கிவைத்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதன்படி, தனியாக நடப்பது 8 மாதத்திலும் வரலாம், 17 மாதம் தாண்டியும் வரலாம். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழாமலே அடுத்த கட்டத்துக்குப் போன குழந்தைகளும் நூற்றுக்கு நான்கு பேர் இருந்தார்கள்.

சரி, அப்படியென்றால் எல்லாம் தானாக வந்துவிடுமா? வராது. வீடு இரண்டு விஷயங்களைக் கொடுக்க வேண்டும். ஒன்று தரை, இன்னொன்று பதில்.

நடக்கப் பழகும் குழந்தைகள் விளையாடுவதை அமெரிக்காவில் ஆய்வாளர்கள் படம்பிடித்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் எடுத்துவைத்தார்கள். 17 முறை விழுந்தார்கள். நடை இப்படித்தான் வருகிறது. நாள் முழுக்க இடுப்பிலும் தொட்டிலிலும் இருக்கிற குழந்தைக்கு விழுவதற்கு இடம் எங்கே? நடைவண்டியில் உட்காரவைத்தால் சீக்கிரம் நடக்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். உட்காரவைத்து உருட்டும் அந்த வண்டியில் உடம்பின் எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது, குழந்தை விரல்நுனியால் உந்துகிறது, தன் பாதத்தைக்கூடப் பார்க்க முடிவதில்லை. படியில் உருண்டுவிடும் ஆபத்து வேறு. கனடா 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

இனி பதில். ஒரு பத்து மாதக் குழந்தை தரையில் உட்கார்ந்து ஒரு கிண்ணத்தையும் அதன் மூடியையும் வைத்துக்கொண்டிருக்கிறது. மூடியை வைக்கிறது, சரிந்து விழுகிறது. எடுத்துத் திருப்பிப் பார்க்கிறது, நக்கிப் பார்க்கிறது. மறுபடி வைக்கிறது. இந்தத் தடவை "டங்" என்று உட்கார்ந்துவிட்டது. உடனே நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறது. அந்தப் பார்வை இரண்டு நொடிதான் இருக்கும். "அட, மூடிட்டியே!" என்று நீங்கள் சொன்னால், செய்த காரியமும் அதற்கான சொல்லும் குழந்தைக்குள் ஒன்றுசேர்கின்றன. உங்கள் கண் செல்போனில் இருந்தால், அது கொஞ்சம் காத்திருந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ளும்.

செல்போனே பேச்சைக் கற்றுக்கொடுக்காதா என்று கேட்கிறார்கள். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டு 9 மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசும் ஒருவர் நேரில் விளையாடினார். குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைத் திரையில் கேட்ட குழந்தைகள் எதையும் கற்கவில்லை. திரை பேசிக்கொண்டே இருக்கும்; குழந்தைக்குப் பதில் சொல்லாது.

இதற்குப் பணம் தேவையில்லை. ஜமைக்காவில் 1980-களில், வளர்ச்சி குன்றிய ஏழைக் குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், சுகாதாரப் பணியாளர் போய், குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்த உதவி கிடைக்காத குழந்தைகளைவிட இவர்கள் ஏறக்குறைய 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. 18 மாதமாகியும் நடக்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, வந்த பேச்சு நின்றுபோனது என்றால் "போகப்போகச் சரியாகிவிடும்" என்று இருந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் யாரையும் குற்றம் சொல்லாதீர்கள், குறிப்பாக அம்மாவை.

அம்மாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இரவெல்லாம் கண்விழித்து, மனம் சோர்ந்து போனவளால் அந்த இரண்டு நொடிப் பார்வைக்குப் பதில் தர முடியாது. அவள் உடம்பும் மனசும்கூட வீட்டுச் சூழல்தான். அப்பாக்களே, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் குழந்தையை வாங்கிக்கொண்டு அவளை ஒரு மணி நேரம் தூங்கவிடுங்கள். அப்புறம் தரையில் உட்கார்ந்து, ஒரு கிண்ணத்தையும் மூடியையும் எடுத்துக் குழந்தை முன்னால் வையுங்கள்.