கணக்கில் விட்டுப்போனவை

நேயர்களுக்கு வணக்கம்.

மனிதச் சமூகம் சுற்றுச்சூழலை எப்படி மாற்றுகிறது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பைக் கேட்டதுமே பிளாஸ்டிக் பை, புகை கக்கும் ஆலை, வெட்டிச் சாய்த்த மரம் எல்லாம் மனதில் வரும். அதெல்லாம் நியாயமான கவலைதான், ஆனால் இன்றைக்கு நான் அதற்கு ஒரு படி முன்னால் போய்ப் பேச விரும்புகிறேன். ஒரு சமூகம் ஒரு திட்டம் போடும்போது எதையெல்லாம் கணக்கில் எழுதுகிறது, எதையெல்லாம் விட்டுவிடுகிறது என்பதுதான் என் விஷயம். பெரிய பெரிய சேதங்கள் பலவும் அந்த விட்டுப்போன வரிகளிலிருந்துதான் வந்திருக்கின்றன.

ஏரல் கடலை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய ஆசியாவில், இன்றைய கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவில் இருந்த நீர்ப்பரப்பு. கடல் என்று பெயர், உண்மையில் ஏரி. 1960இல் அதன் பரப்பு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர், உலகத்திலேயே நான்காவது பெரிய ஏரி. ஆமு தர்யா, சிர் தர்யா என்ற இரண்டு ஆறுகள்தான் அதற்குத் தண்ணீர் கொடுத்தன. சோவியத் அரசு அந்த இரண்டு ஆறுகளின் தண்ணீரையும் பாலைவனத்தில் பருத்தி விளைவிக்கத் திருப்பியது. ஏரி சுருங்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல, நன்றாகவே தெரியும். ஏரியிலிருந்து கிடைக்கும் மீனைவிட வயலிலிருந்து கிடைக்கும் பருத்திக்கு மதிப்பு அதிகம் என்று கணக்குப் போட்டுத்தான் இறங்கினார்கள்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் பருத்தி, மறுபக்கம் மீன், அவ்வளவுதான் அதில் இருந்தது. தண்ணீர் குறையக் குறைய மிச்சமிருந்த நீரில் உப்பு ஏறியது, 1980களின் தொடக்கத்திலேயே மீன்பிடித் தொழில் படுத்துவிட்டது. சரி, மீன் போகும் என்று முன்பே எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் வறண்டுபோன ஏரித்தரையிலிருந்து காற்று கிளப்பிக்கொண்டு போன உப்புத் தூசி எந்த வரியிலும் இல்லை. வயல்களில் தெளித்த பூச்சிமருந்து வடிகால் நீரோடு வந்து ஏரியில் படிந்திருந்தது, அதுவும் அந்தத் தூசியோடு சேர்ந்து மக்களின் மூச்சில் போனது. அப்புறம், அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு சுற்று வட்டாரத்தின் வெயிலையும் குளிரையும் தணித்துக்கொண்டிருந்தது என்பதையும் யாரும் எழுதவில்லை. ஏரி பின்வாங்கியதும் கோடை இன்னும் சுட்டது, குளிர் இன்னும் கடித்தது, பயிர் வளரும் நாட்கள் குறைந்தன. எந்தப் பருத்திக்காக ஏரியைக் கொடுத்தார்களோ அந்தப் பருத்தியையே அது திருப்பி அடித்தது. இத்தனைக்கும் கால்வாய்களில் பலவற்றுக்குக் கரைப்பூச்சு கிடையாது, வயலுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே ஏராளமான தண்ணீர் மணலில் இறங்கிவிடும். மொய்னாக் என்ற பழைய மீன்பிடித் துறைமுகத்தில் இன்றும் துருப்பிடித்த படகுகள் மணலில் நிற்கின்றன, கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர் கிடையாது.

இங்கே ஒன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். 2005இல் கஜகஸ்தான் உலக வங்கியின் உதவியோடு கோக்-அரால் என்ற அணையைக் கட்டி, வடக்கே மிஞ்சியிருந்த சிறிய பகுதியைத் தனியாகப் பிரித்தது. நீர்மட்டம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியது, உப்பு குறைந்தது, மீன் திரும்பி வந்தது, மீனவர்களும் திரும்பினார்கள். இது எனக்கு உண்மையான சந்தோஷம் தரும் செய்தி. ஆனால் தெற்குப் பகுதிக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. காப்பாற்ற முடிந்தது ஒரு மூலை மட்டுமே.

சோவியத் ஆட்சி என்பதால் அப்படி நடந்தது, ஜனநாயக நாட்டில் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள், அளக்கிறார்கள், நடக்காது என்று ஒருவர் சொல்லலாம். அதற்குப் பதில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இருக்கிறது. நூற்றாண்டுகளாகக் காட் மீனுக்குப் பேர்போன கடல் அது. 1968இல் மட்டும் 8 இலட்சம் டன்னுக்கு மேல் பிடித்தார்கள். 1977இல் கனடா 200 கடல் மைல் எல்லையை அறிவித்து வெளிநாட்டுக் கப்பல்களைப் பெரும்பாலும் வெளியேற்றியது. இனி நம் மீன், நம் விஞ்ஞானம், நம் விதி, பயமில்லை என்றுதான் நினைத்தார்கள்.

கடலுக்கடியில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க முடியாது. அதனால் ஆய்வுக் கப்பல்களின் அளவீடுகளோடு, பெரிய இழுவலைக் கப்பல்களுக்கு எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மீன் கிடைக்கிறது என்பதையும் வைத்து இருப்பை மதிப்பிட்டார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் காட் மீனின் எண்ணிக்கை குறையும்போது அது கடல் முழுக்கச் சிதறிப் போவதில்லை, மிச்சமிருப்பது கூட்டமாகச் சில இடங்களில் ஒதுங்கிக்கொள்கிறது. இழுவலைக் கப்பல்களிடமோ மீன் கூட்டத்தை ஒலியலை அனுப்பிக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறது. நேராக அந்தக் கூட்டத்துக்கே போய் வலை போட்டால் கிடைக்கும் மீன் குறையவே குறையாது, கடைசிக் கூட்டம் தீரும்வரை. கரையோரத்தில் சின்னப் படகில் போகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. மீன் குறைகிறது, வருகிற மீனும் சிறுத்துவிட்டது என்று அவர்கள் 1980களிலேயே குரல் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது அனுபவம் என்று ஒதுக்கப்பட்டது, கப்பல் கொண்டுவந்தது தரவு என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

கடைசியில் 1992 ஜூலையில் அரசு மீன்பிடிப்பையே நிறுத்தியது. ஒரே அறிவிப்பில் ஏறத்தாழ 30,000 பேருக்கு வேலை போனது. இரண்டு வருடம் பொறுத்தால் மீன் திரும்பிவிடும் என்றார்கள். அந்தத் தடை விலக 2024 ஆனது, அதுவும் பழைய அளவோடு ஒப்பிட்டால் மிகக் கொஞ்சமே பிடிக்க அனுமதி. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான் நடந்தது.

அப்படியானால் மனிதர்கள் சேர்ந்து எதைத் தொட்டாலும் அழிவுதானா? இந்தக் கேள்வி எனக்குப் பல இடங்களில் வருகிறது, இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். சுவிட்சர்லாந்தின் மலைகளில் டோர்பெல் என்ற சிறு கிராமம். அங்கே மேலேயுள்ள புல்வெளி ஊருக்கே பொது. யாரும் எத்தனை மாடு வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று விட்டால் புல் மிஞ்சாது. 1517இலேயே அவர்கள் ஒரு விதி எழுதினார்கள்: பனிக்காலம் முழுக்க உன் சொந்தத் தீவனத்தில் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ அத்தனை மாட்டை மட்டும்தான் கோடையில் பொதுப் புல்வெளிக்கு அனுப்பலாம். எவ்வளவு அழகான அளவுகோல் பாருங்கள்! ஒருவரிடம் எவ்வளவு வைக்கோல் இருக்கிறது, எத்தனை மாடு இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியும், பொய் சொல்ல முடியாது. மீறினால் அபராதம், அதில் பாதி அபராதம் போடுகிற கண்காணிப்பாளருக்கே, அதனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு இருக்க மாட்டார். எலினோர் ஆஸ்ட்ரோம் என்ற அமெரிக்க ஆய்வாளர் இப்படிப்பட்ட ஊர்களை உலகெங்கும் தேடி ஆராய்ந்தார். அந்த உழைப்புக்காக 2009இல் பொருளாதார நோபல் பெற்றார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

எல்லாரும் எல்லாரையும் அறிந்த கிராமத்தில் இது சரி, உலகத்துக்கு எடுபடுமா என்று கேட்பீர்கள். ஓசோன் விஷயத்தில் எடுபட்டது. குளிர்பதனப் பெட்டியிலும் வாசனைத் தெளிப்பான்களிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் மேலே போய் ஓசோனை அழிக்கும் என்று மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1974இல் எழுதினார்கள். அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதை 1985இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் உடன்படிக்கை. முதலில் போட்ட ஒப்பந்தம் பலவீனமானதுதான், அந்த வாயுக்களைப் படிப்படியாகப் பாதியாகக் குறைக்க மட்டுமே சொன்னது. ஆனால் நான்கு வருடத்துக்கு ஒரு முறையாவது விஞ்ஞானிகள் புதிய மதிப்பீடு தர வேண்டும், அதைப் பார்த்து விதியைத் திருத்தலாம் என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். 1990இல் இலண்டனில் முழுமையாக நிறுத்துவது என்று இறுக்கினார்கள், 1992இல் கோபன்ஹேகனில் காலக்கெடுவை முன்னே இழுத்தார்கள். வளரும் நாடுகளுக்குக் கூடுதல் அவகாசமும் தனி நிதியும் கிடைத்தன. உலகத்தின் எல்லா நாடுகளும் அதில் சேர்ந்தன. இருந்தாலும் மேலே போன வாயுக்களில் சில, சுமார் நூறு வருடம் நிற்கக்கூடியவை, ஆகவே அண்டார்டிகாவின் ஓசோன் 1980இன் நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்பது இன்றைய மதிப்பீடு.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு கரியமில வாயுவுக்கு வாருங்கள். 1958இல் ஹவாயின் மவுனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து இலட்சத்துக்குச் சுமார் 315 பங்கு இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்த அளவில் சந்தேகம் கிடையாது. யார் பெயரில் எழுதுவது என்பதில்தான் சிக்கல். ஒரு நாடு தன் எல்லைக்குள் வெளிவிடும் வாயுவை மட்டுமே தன் கணக்கில் காட்டுகிறது. வேறு நாட்டில் தயாராகி இறக்குமதியாகும் பொருளின் புகை, தயாரித்த நாட்டின் தலையில்தான் எழுதப்படும், வாங்கிப் பயன்படுத்துகிறவர் பெயரில் வராது. அந்தப் பொருளைச் சுமந்து வருகிற சர்வதேசக் கப்பல்களும், நாடு விட்டு நாடு பறக்கும் விமானங்களும் எரிக்கிற எரிபொருளைத் தனியாக ஒரு குறிப்பில் போடுகிறார்கள், எந்த நாட்டின் மொத்தத்திலும் அது சேர்வதில்லை. அதனால் ஒரு நாடு எங்கள் புகை குறைந்துவிட்டது என்று அறிவிக்கும்போது, ஆலையை மாற்றிக் குறைத்தார்களா, இல்லை ஆலையையே இன்னொரு நாட்டுக்கு அனுப்பிவிட்டுக் குறைத்தார்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது. நுகர்வை வைத்துப் போடும் கணக்கும் ஆய்வாளர்களிடம் தயாராகவே இருக்கிறது. அதையும் அதிகாரபூர்வக் கணக்குக்குப் பக்கத்திலேயே வைத்து ஒவ்வொரு வருடமும் வெளியிட வேண்டும் என்று நான் இங்கே வெளிப்படையாகக் கேட்கிறேன்.

நன்றி, வணக்கம்.